ஊதா நீரின் பூர்வீகம்

அலாய் வீல் மீது இரும்புத்துகளை நீக்கும் அயர்ன் ரிமூவரை அடித்துவிட்டு ஓரிரு நிமிடம் பொறுத்தால், நிறமற்ற அந்தத் திரவம் ஊதாவாகி வழியத் தொடங்கும். டீட்டெயிலிங் கடைகளில் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள்: "பாருங்க சார், எவ்ளோ இரும்பு!" என்னைப் பிடித்துக்கொண்டது நிறமல்ல, நாற்றம். அழுகிய முட்டையில் அம்மோனியாவைக் கலந்தாற்போல. வேறெங்கோ முகர்ந்திருக்கிறேன் என்று மூக்கு அடம்பிடித்தது.

புட்டியின் முதுகில் பொடி எழுத்தில் இருந்தது பெயர்: அம்மோனியம் தயோகிளைக்கோலேட். அதைத் தேடிப் போனால் காருக்குப் பதில் கூந்தல் வந்தது. பார்லரில் முடியைச் சுருட்டத் தடவும் பெர்ம் லோஷனும் இதுதான். கெரட்டின் புரதத்தைப் பிணைத்து வைத்திருக்கும் கந்தக இணைப்புகளை இது அவிழ்த்துவிடும். உருளையில் சுற்றிய முடி அதே வளைவுக்கு இணங்கியதும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிப் பூட்டிவிடுவார்கள். காரத்தைக் கூட்டினால் முடியே கரையும். முடி நீக்கும் க்ரீம்களின் சூட்சுமம் அவ்வளவுதான்.

இந்த ரசாயனத்துக்கு முன்னால் முடி சுருட்டச் சூடுதான் வழி. 1906இல் லண்டனில் சூட்டால் முடி சுருட்டிக் காட்டிய சிகையலங்காரர் கார்ல் நெஸ்லர், அதற்கு முந்தைய சோதனைகளில் தன் மனைவியின் கூந்தலையே பொசுக்கியிருக்கிறார். (அந்த அம்மாள் என்ன சொன்னார் என்பது நான் படித்த எந்த வரலாற்றிலும் இல்லை.) 1934இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆய்வகத்தின் காடர்டும் மைக்கேலிஸும் கெரட்டினைத் தயோகிளைக்கோலிக் அமிலம் கரைப்பதை விளக்கினார்கள். சூடில்லாத பெர்ம் 1940களில் பரவியது.

சரி, இந்தக் கதைக்குள் இரும்பு எங்கிருந்து வந்தது? பெர்ம் லோஷன் தயாரிப்புக் குறிப்புகளில் ஒரு எச்சரிக்கை கிடைத்தது: துளி இரும்பு கலந்தாலும் லோஷன் நிறம் மாறிவிடும். அதனால்தான் இரும்பைக் கட்டிப்போட இடிடிஏ சேர்க்கிறார்கள், உலோகக் கிளிப்பைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். அந்த நிறமாற்றத்தை 1879லேயே ஆஸ்திரிய வேதியியலாளர் ருடால்ஃப் ஆன்ட்ரியாஷ் இரும்பைக் கண்டறியும் சோதனையாகப் பதிவு செய்திருந்தார். ஆக, கூந்தல் வணிகம் பாடுபட்டு மறைத்த அதே நிறத்தைக் கார் வணிகம் மேடையேற்றிக் காசாக்குகிறது.

காரில் இரும்பு ஏறுவது பெரும்பாலும் பிரேக் டிஸ்க்கிலிருந்து. வார்ப்பிரும்பு தேய்ந்து பறக்கும் சுடுதுகள்கள் பெயின்ட்டின் மேலுறையான கிளியர் கோட்டில் குத்திக்கொண்டு துருவேறுகின்றன. வெள்ளைக் காரில் ஆரஞ்சுப் புள்ளிகளாகத் தெரியும். ரயில் பாதையோரம் வண்டி நிறுத்துபவர்களுக்குக் கூரையிலும் பானெட்டிலும் அதே கதை. முன்பெல்லாம் ஆக்சாலிக் அமிலக் கழுவல், இல்லையென்றால் கிளே பார் என்ற களிமண் கட்டி. கிளே துகளைப் பிடுங்கும்போது பெயின்ட்டின் மேல் இழுத்துக் கீறிவிடக்கூடும். தயோகிளைக்கோலேட்டோ துருவை நீரில் கரையும் வடிவுக்கு மாற்றி, தேய்க்காமலே கழுவவிடுகிறது. கொரியாவின் கார்ப்ரோ நிறுவனத்து அயர்ன் எக்ஸ் இந்த வகையில் உலகப் பெயர் பெற்றது.

"ஊதாவே வரல, சரக்கு டூப்ளிகேட்" என்ற புகார் அடிக்கடி காதில் விழுகிறது. இரும்பில்லாத இடத்தில் நிறம் எப்படி வரும்? கருப்புப் புள்ளி தாராக இருக்கலாம். அதற்கு டார் ரிமூவர். போர் தண்ணீர் காய்ந்த வெள்ளை வட்டங்கள் உப்புக் கறை. அவை மென்மையான அமிலத்துக்குத்தான் மசியும். சூடான பானெட்டில் அடித்துக் காயவிட்டால் ரிமூவரே கறையாகும். நிழல், ஆறிய வண்டி, கையுறை, பிறகு தாராளமாகத் தண்ணீர்.

இதையெல்லாம் நான் வழக்கமாகப் போகும் கடைக்காரத் தம்பியிடம் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவன் கேட்டது: "அப்போ பார்லர் சரக்கையே மொத்தமா வாங்கி அடிச்சா செலவு குறையுமாண்ணே?" குறையாது தம்பி. அதில் காரம் அதிகம், நிறத்தை அமுக்க இடிடிஏ வேறு. ஊதாவைக் காட்ட முடியாவிட்டால் உன் வாடிக்கையாளர் காசு கொடுக்க மாட்டார்.