இரண்டு இரவு, மூன்று பேர், ஒரு முட்டிவலி

அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் நீளமாக ஓடுகிறது அப்பலாச்சியன் மலைத்தொடர். அதன் முதுகின்மேலேயே, தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கி வடக்கே மெய்ன் மாநிலம் வரை, 14 மாநிலங்களைக் கடந்து ஒரு நடைபாதை போகிறது. பெயர் அப்பலாச்சியன் ட்ரெயில். நீளம் ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். பென்டன் மக்காய் என்பவர் 1921-இல் இந்த யோசனையைச் சொன்னார். 1937-இல் பாதை முழுமையானது. வழி தவறாமலிருக்க மரங்களில் இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரத்துக்கு வெள்ளைப் பட்டை அடித்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

வர்ஜீனியாவில் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது, இந்தப் பாதையில் இரண்டு இரவு காட்டிலேயே தங்கி நடந்து வரலாம் என்று பேச்சு வந்தது. ஷெனண்டோவா தேசியப் பூங்காவுக்குள் பாதை சுமார் 100 மைல் போகிறது. 1935-இல் அது பூங்காவானது. அதற்காக அங்கே பரம்பரையாகக் குடியிருந்த மலைக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். அவர்களுடைய கல் புகைபோக்கிகளும் கல்லறைகளும் இன்னும் காட்டுக்குள் நிற்கின்றன.

மகன் சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்தான். ஒரு நாளைக்கு ஒன்பது மைல், மூன்று நாள். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அதன்படி பார்த்தால் ஒன்பது மைலும் ஏற்றமும் சேர்த்து நாலு மணி நேரம்தான். "நீங்களும் நானும் போய்ட்டு வந்துரலாம்ப்பா. அம்மாவுக்கு முட்டி வலி இருக்கே, அவங்க வீட்ல இருக்கட்டும்" என்றான்.

அவன் அக்கறையோடுதான் சொன்னான். என் மனைவியும் ஒன்றும் பேசவில்லை. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. என் அம்மா படுத்த படுக்கையாக இருந்த ஒன்பது வருடமும் அவரைப் பார்த்துக்கொண்டவள் இவள். அந்த வருடங்களில் ஒரு கல்யாணத்துக்குக்கூட ராத்தங்கிப் போனதில்லை. அறுபத்தாறு வயதில், பத்தாயிரம் மைல் தள்ளி வந்தும், இன்னொரு முறை வீட்டைப் பார்த்துக்கொள்வதா?

"மூணு பேரும் போறோம். கணக்கை உன் காலை வச்சுப் போடாதே, அம்மா காலை வச்சுப் போடு" என்றேன்.

மறுநாள் காலை அவள் முதுகில் நாலு கிலோ பையை மாட்டி, கைக்கு இரண்டு ஊன்றுகோலும் கொடுத்து, பக்கத்து மேட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப்போனோம். உட்கார்ந்து எழுந்த நேரத்தையும் சேர்த்து ஒரு மைலுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. அதைவிட நம்பகமான கணக்கு வேறு எதற்கு? ஒன்பது மைல் நாலு மைலாகக் குறைந்தது. அக்டோபர் நடுவில் அங்கே மாலை ஆறரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். காலை பத்துக்குக் கிளம்பினால் மூன்று மணிக்குள் இடம் சேர்ந்து, வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் போட்டுவிடலாம்.

அடுத்தது எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மூன்று நாள் தண்ணீரைச் சுமக்க முடியாது என்பதால், வழியில் ஊற்றுகள் எங்கே என்று குறித்துக்கொண்டோம். அந்தத் தண்ணீரை ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டுத்தான் குடிக்க வேண்டும். நினைத்த இடத்தில் விறகு மூட்டக் கூடாது என்பதால் சின்ன கேஸ் அடுப்பு ஒன்று. சாப்பாட்டுக்கு அவல், ரவா உப்புமா மிக்ஸ், சப்பாத்தி, இட்லிப்பொடி, கடலைமிட்டாய். இது கறுப்புக் கரடி உள்ள காடு. ராத்திரி சாப்பாட்டுப் பையைத் தரையிலிருந்து பத்தடி உயரத்தில், மரத்தண்டிலிருந்து நாலடி தள்ளித் தொங்கும்படி கயிறு கட்டி ஏற்ற வேண்டும். பற்பசை, சோப்பு, தைலம் என்று வாசனை உள்ள எல்லாமும் அந்தப் பையில்தான்.

அடுத்த விஷயத்தை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நம் வயதுக்காரர்களுக்கு அதுதான் முக்கியம். காட்டில் கழிப்பறை கிடையாது. நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளி, ஆறு அங்குல ஆழமாவது குழி தோண்டி, வேலை முடிந்ததும் மண்ணைப் போட்டு மூட வேண்டும். முட்டிவலிக்காரி குந்துவது எப்படி? இரண்டு ஊன்றுகோலையும் முன்னால் ஊன்றிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழ அவள் வீட்டுத் தோட்டத்திலேயே பழகிக்கொண்டாள். இளைப்பாற ஒரு மடக்கு ஸ்டூலும் வேண்டும் என்றாள். கிராம் கணக்குப் பார்த்த மகன் முகம் சுளித்தான். ஸ்டூல் என் பைக்கு வந்தது.

கடைசியாக, வெளியே வரும் வழி. ஸ்கைலைன் டிரைவ் என்ற கார் சாலையை இந்தப் பாதை பல இடங்களில் வெட்டிக்கொண்டு போகிறது. இரண்டாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அப்படி ஓரிடத்தில் மருமகள் காரோடு வந்து நிற்பாள். முடிந்தால் கையசைத்துவிட்டு மேலே நடப்பது. முடியாவிட்டால் காரில் ஏறிவிடுவது. எத்தனை மணிக்குள் நாங்கள் வராவிட்டால் பூங்கா அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டும் என்பதும் எழுதப்பட்டது. ரத்த அழுத்த மாத்திரையை இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்து, இரண்டு பைகளில் பிரித்து வைத்தோம். எந்த இரவு எங்கே தங்குகிறோம் என்று குறிப்பிட்டு அனுமதிச் சீட்டும் வாங்கியாயிற்று. மொத்தத் திட்டமும் ஒரே தாளில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டது. இன்னொரு பிரதி என் மனைவியின் கைப்பையில்.

அந்த வாரம் மருமகள் ஒரு பாட்டியின் கதை சொன்னாள். எம்மா கேட்வுட். பதினொரு பிள்ளை பெற்றவர். 1955-இல், 67 வயதில், இந்தப் பாதை முழுவதையும் தன்னந்தனியாக ஒரே பயணத்தில் நடந்த முதல் பெண். கூடாரம் கிடையாது. வீட்டில் தைத்த துணிப்பை, கேன்வாஸ் ஷூ, ஒரு போர்வை, மழைக்கு ஒரு குளியலறைத் திரை. முந்தின வருடம் ஒருமுறை கிளம்பி, வழி தவறித் திரும்பி வந்தவர்தான் அவரும். "திரும்பி வந்துட்டுதான் மறுபடி போனாங்களா?" என்று என் மனைவி இரண்டு முறை கேட்டாள்.

நாங்கள் போனோம். முதல் நாள் அவள்தான் முன்னால் நடந்தாள். நாங்கள் இருவரும் பின்னால். அவளைத் தாண்டக் கூடாது என்பதும் தாளில் இருந்தது. இரண்டே முக்காலுக்கு இடம் சேர்ந்தோம். ராத்திரி குளிர் எலும்பைத் தொட்டது. நான் விழித்தபோது அவள் கம்பளி போர்த்திக்கொண்டு வெளியே அந்த ஸ்டூலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தூக்கம் வரலையா?" என்றேன். "தூங்குறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள்.

மறுநாள் மூன்று மைல் இறங்கிச் சாலையை அடைந்தபோது முட்டி வீங்கியிருந்தது. "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நான் காரிலே போயிடறேன்" என்றாள். மகன் என்னைப் பார்த்தான். நான் ஸ்டூலைத் தூக்கி டிக்கியில் வைத்தேன். அவனும் பையைக் கழற்றினான்.

கார் கிளம்பியதும், "பாதியிலேயே வந்துட்டோமேம்மா" என்றான், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

அவள் கைப்பையிலிருந்து தாளை எடுத்து விரித்து, இரண்டாம் நாள், பகல் பன்னிரண்டு என்ற வரியில் விரலை வைத்தாள்.

"பாதியில எங்கடா வந்தோம்? இதுல எழுதியிருக்கிற மாதிரிதானே வந்திருக்கோம்."