டிரிப்ஸ் ஏன் போடல?

"டாக்டர், பிபி 80/50-ன்னு நீங்களே சொல்றீங்க. ஒரு பாட்டில் கூட ஏத்த மாட்டேங்கறீங்களே?"

போன மாசம் நைட் டூட்டில ஒரு அம்மாவோட மகன் கேட்டது. கோபம் நியாயம்தான். பிபி இல்ல, யூரின் சரியா போகல, கிரியாட்டினின் ஏறிட்டே இருக்கு. உடம்புல தண்ணி வத்திப் போச்சுன்னுதானே நீங்களும் நினைப்பீங்க?

பத்து வருஷம் முன்னாடி நானும் அப்படித்தான் நினைச்சேன். இதே மாதிரி ஒரு பெரியவருக்கு ராத்திரி முழுக்க சலைன் ஏத்தினேன். விடியறப்போ நுரையீரல்ல நீர் கோத்து வென்டிலேட்டருக்குப் போனார். திரும்பி வரல.

அன்னிக்கு அந்த வார்டுல இல்லாத ஒண்ணு இப்போ கட்டில் பக்கத்துலயே இருக்கு. அல்ட்ராசவுண்ட்.

நெஞ்சுக்குழிக்குக் கீழே ஜெல் தடவி ப்ரோபை வெச்சா, கல்லீரலுக்குப் பின்னாடி கறுப்பா ஒரு குழாய் தெரியும். பேரு ஐவிசி. வயிறு, கால்லேர்ந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு போற பெரிய சிரை. 2.1 செ.மீ.க்குள்ள இருந்து, மூக்கை உறிஞ்சினா பாதிக்கு மேல சுருங்கிச்சுன்னா, இதயத்தோட வலது மேலறையில அழுத்தம் கம்மி. அதைவிடப் பெருசா, பாதிகூட சுருங்காம நின்னா அழுத்தம் அதிகம்.

இந்த அம்மாவுக்கு 2.5. அசையவே இல்ல. கல்லீரல் சிரைகளும் புடைச்சுக் கிடந்துச்சு. ரத்தம் பத்தாம இல்லைங்க, தேங்கி நிக்குது. வடிய வழியில்லாத கிட்னிக்குள்ள புது ரத்தம் எப்படி வரும்? சாக்கடை அடைச்ச வீட்ல குழாயைத் திறந்துவிடற கதைதான்.

இந்த ஒரு அளவை மட்டும் நம்பியும் இறங்கக்கூடாது. விளையாட்டு வீரர்களுக்கு ஐவிசி இயல்பாவே பெருசா இருக்கலாம். வென்டிலேட்டர்ல இருக்கறவங்களுக்கு கணக்கே தலைகீழ், மூச்சு உள்ள போகும்போது விரியும். அதனால இதயத்தையும் நுரையீரலையும் பார்த்தேன். இதயம் துவண்டு துடிச்சுது. நுரையீரல் முழுக்க நீர் கோத்ததைக் காட்டுற வெள்ளைக் கோடுகள்.

மகனை ஸ்கிரீன் முன்னாடி நிக்க வெச்சேன். "தம்பி, இந்தக் குழாய் ரொம்பி நிக்குது. இதுல இன்னும் ஊத்தவா?"

கொஞ்ச நேரம் பாத்தார். "எங்க ஊர்ல எதுக்குப் போனாலும் ரெண்டு பாட்டில் ஏத்துவாங்களே டாக்டர்..."

அதுக்கு நான் பதில் சொல்லல.

இதயத்துக்குத் தெம்பா டோபுடமின், பிபியைத் தாங்க நார்அட்ரினலின், நீரை இறக்க லேசிக்ஸ். "இந்த பிபிக்கு லேசிக்ஸா?"ன்னு சிஸ்டர் ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் போட்டாங்க. கேட்டது சரி. எனக்கும் உள்ளுக்குள்ள உதறல்தான். யூரின் பையையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். 4 மணிக்கு 50 மில்லி. 6 மணிக்கு 400.

மறுநாள் சாயங்காலம் திரும்ப ப்ரோப் வெச்சேன். 1.9. மகன் எனக்கு முன்னாடியே எட்டிப் பாத்துட்டார்.

"டாக்டர், இப்ப ஆடுது!"