மறுகரைக் காடு

காட்டைச் சித்திரமாகத் தீட்டப் புகுவோர்க்கு ஒரு தொல்லை உண்டு. தெருவையோ புகையிரதப் பாதையையோ வரைந்தால், இரு கோடுகளும் போகப் போக நெருங்கித் தூரத்தைத் தாமே காட்டிவிடும். காட்டிலே கோடு ஏது?

மாணாக்கராயிருந்த காலத்தில் இதனை அறியாது நாம் இடர்ப்பட்டோம். எமது பாட்டனார் 1990ஆம் ஆண்டிலே கொட்டியாரக் குடாவின் மறுகரையை விட்டுத் திருக்கோணமலை நகருக்கு வந்தவர். பின்னர் ஊர் திரும்பியதில்லை. அவருக்காக அம்மறுகரைக் காட்டைத் தீட்டினோம். இலையிலையாக, எங்கும் ஒரே பச்சை!

"மோனை, இது காடோ, மதிலோ? எட்டித் தொடலாம் போலை கிடக்கு. இவ்வளவு கிட்டவெண்டால் நான் எப்பவோ போயிருப்பனே" என்றார்.

சில காலத்தின் பின், நண்பரொருவர் இல்லத்தில் ஓர் அச்சுச் சித்திரத்தின் படியைக் கண்டோம். ஒஸ்ரன்பேர்க் கோட்டையிலிருந்து தோன்றும் எமது துறைமுகம்! சாமுவேல் டானியல் என்னும் ஆங்கில ஓவியர் 1808இல் இலண்டனில் வெளியிட்ட இலங்கைக் காட்சித் தொகுதியைச் சேர்ந்தது. அவர் இந்நாட்டிலே வன அதிகாரியாகவும் இருந்து, 1811இல் இங்கேயே இறந்தவர். காட்டோடு பழகிய கண் அல்லவா!

இவ்வகைச் சித்திரத்துக்குச் செப்புத் தகட்டிலே பிசின் துகளைப் படியவைத்துத் திராவகத்தில் இடுவர். வெளிறவேண்டிய பகுதியைச் சற்று நேரத்திலேயே வார்னிஷ் பூசி மூடிவிடுவர். இருளவேண்டிய பகுதி நெடுநேரம் அரிபட்டு, மையை நிறைய ஏற்கும். எனவே அண்மை மரம் திராவகத்தில் நீண்ட நேரம் கிடந்தது. தொலைக் குன்று சொற்ப நேரமே கிடந்தது. ஒளியோ, மை படாத காகிதந்தான்.

இயற்கையின் வழியும் ஏறக்குறைய இதுவே. எமக்கும் தொலைவிலுள்ள மரத்துக்கும் இடையே நிற்கும் காற்று நீல ஒளியைச் சிதறி, மரத்தின் கருமையை மறைக்கிறது. மாரி மழை ஓய்ந்த காலையில் மறுகரை கிட்ட வந்தாற்போல் தோன்றுவதும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் புழுதிக்குள் அது பின்வாங்குவதும் நம்மூரார் நாளும் காண்பவை. கண்டும், தூரிகை பிடித்தபோது மறந்தோம்.

மீண்டும் தீட்டினோம். அண்மையிலே கரும்பச்சை, அப்பால் நீர் கலந்த நீலம், அதற்கும் அப்பால் ஏதுமில்லை. பாட்டனார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார். பின்பு, நாம் சாயமே தொடாது விட்ட ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இந்த இடத்திலைதான் எங்கடை கிணறு."