வீட்டில் யாருக்காவது?

சார்ஜாவில் ஒரு மார்ச் மாத மாலை. நடைபாதையை ஒட்டி இளஞ்சிவப்பு வண்டி நிற்கிறது. உள்ளே மேமோகிராம் எந்திரம். வெளியே திரை கட்டி, பெண்களுக்கு மட்டுமாக நாற்காலிகள். உள்ளே போன தோழிக்காக நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

எதிரே ஒரு தாயும் மகளும். தாய்க்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கறுப்பு அபாயா, விரல் நுனிகளில் மருதாணி, ஊத் வாசனை. கல்லூரிப் பெண்ணான மகள் மடியில் படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுகிறாள். குழந்தைகள் எத்தனை? ஆறு. தாய்ப்பால் கொடுத்தீர்களா? ஆறு பேருக்கும். அந்தப் பதிலில் பெருமை தெரிகிறது.

"வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா?"

"இல்லை."

பேனா நிற்கிறது. "சித்தி?"

"அவளுக்கு வயிற்றில்தான் கோளாறு." தாயின் முகம் சாலைப் பக்கம் திரும்பிவிட்டது. மகள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறாள்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடும்பத்தில் மார்புப் புற்றுநோய் என்று தெரிந்தால் மகளைப் பெண் கேட்டு வருகிறவர்கள் பின்வாங்குவார்கள். அந்தப் பயம்தான் அப்படிப் பேச வைக்கிறது. குற்றம் பின்வாங்குகிறவர்கள் மேல்தான். ஆனால் மறைத்ததற்கு உடம்பு விலை கொடுக்கிறது. அரபு நாடுகளில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதற்குத்தான் முதலிடம். மேலை நாடுகளைவிட ஏறக்குறைய 10 வயது முன்னதாக, ஐம்பதை ஒட்டியே வருகிறது. பலர் மருத்துவரிடம் வந்து சேரும்போது நோய் முற்றியிருக்கிறது.

பேசத் துணிந்தவர்களும் உண்டு. ஜித்தாவின் மகப்பேறு மருத்துவர் சாமியா அல் அமூதி, 2006-ல் தனக்கு இந்த நோய் வந்ததை ஊரறியச் சொன்னார். மருத்துவருக்கே அதற்குத் தனித் துணிச்சல் வேண்டியிருந்தது. 2011-ல் இங்கே பிங்க் கேரவன் என்ற மார்புப் புற்றுநோய் விழிப்புணர்வுப் பயணம் தொடங்கியது. குதிரைகள் ஏழு எமிரேட்டுகளையும் சுற்றிவர, இலவசப் பரிசோதனையும் ஊர் ஊராகப் போகிறது. அதில் ஆண்களும் குதிரையேறி வருவது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பல வீடுகளில் "போய்ப் பார்த்துக்கொள்" என்ற சொல் அவர்கள் வாயிலிருந்துதானே வரவேண்டியிருக்கிறது.

கேரளத்து நர்ஸ் திரையை விலக்கிக்கொண்டு வருகிறார். அரபு தண்ணீர்பட்ட பாடு.

"ஹபீப்தி, அக்குளில் பவுடர், டியோடரன்ட் ஏதாவது?"

தாய் தலையசைக்கிறார். நர்ஸ் ஈரத் தாள் ஒன்றை நீட்டுகிறார். பூசியது ஒட்டியிருந்தால் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழும். மார்பில் படியும் சுண்ணாம்புத் துகளா, வெறும் பூச்சா என்று டாக்டருக்குக் குழப்பமாகிவிடும் என்கிறார்.

"உள்ளே ஆண் யாராவது?"

"யாருமில்லை. படம் எடுப்பதும் பெண், டாக்டரும் பெண்."

"வலிக்குமா?"

"இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அழுத்தும், கொஞ்சம் வலிக்கலாம். பக்கத்துக்கு இரண்டு படம், ஒவ்வொன்றுக்கும் சில விநாடிதான்."

தாய் எழுந்து இரண்டடி வைத்தவர் நிற்கிறார். திரும்பி வந்து மகளிடமிருந்து படிவத்தை வாங்கி, காலிக் கட்டத்தின் மேல் மருதாணி விரலை வைக்கிறார்.

"இங்கே எழுதிக்கொள்ளுங்கள். என் தங்கை. மார்பில்தான். அப்போது அவளுக்கு 39."

நர்ஸ் எழுதுகிறார். முகத்தில் வியப்பும் இல்லை, பரிதாபமும் இல்லை. அந்த நிதானத்துக்காகவே அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

"கூடப் பிறந்தவர்கள் வேறு யாராவது?"

"இன்னும் இரண்டு பேர். புஜைராவில்."

"அவர்களும் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை டாக்டரிடமும் சொல்லுங்கள்."

"வண்டி அங்கே வருமா?"

"வரும். வியாழக்கிழமை."

தாய் படியேறுகிறார். மகள் அதற்குள் கைப்பேசியைக் காதில் வைத்துவிட்டாள். "சித்தி, வியாழக்கிழமை எங்கும் போய்விடாதீர்கள். அம்மா உங்களிடம் பேச வேண்டும். இல்லை, கல்யாண விஷயம் இல்லை."