இஸ்தோப்பைப் பார்க்கும் கமரா: ஓர் ஆண்டின் குறிப்புகள்

ஏப்ரல் 10

மலையகத் தோட்டக் குடியிருப்புகளில் மலிவு விலைக் கண்காணிப்புக் கமராக்கள் வாங்கப்படுவதற்கான காரணங்கள் நகரத்துக் காரணங்களோடு முற்றாகப் பொருந்துவதில்லை. பிள்ளைகள் கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ வேலை செய்ய, முதிய பெற்றோர் லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பில் தனித்திருக்கும் குடும்பங்களில், திருடனைப் பிடிப்பதற்கு முன்பாகவே அம்மா எழுந்து நடமாடுகிறாரா என்பதைத் தொலைவிலிருந்து பார்ப்பதற்காகக் கமரா வாங்கப்படுகிறது. சித்திரைப் புத்தாண்டும் தீபாவளியும் ஊருக்குத் திரும்பும் காலங்களாதலால், புறக்கோட்டைக் கடைகளில் வாங்கிய கமராவைக் கொண்டுவந்து பொருத்துவதற்கும் அவையே வாய்ப்பான நாள்களாகின்றன.

2024ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டதை நினைவிற்கொண்டால், சந்தையிலுள்ள மிக மலிவான கமராவும் பல நாள் கொழுந்து பறித்து ஈட்டவேண்டிய பொருள் என்பது விளங்கும். அத்தகைய வீட்டுக்கு அதை வாங்கித் தருபவர் படத்தின் தெளிவை மட்டும் விசாரித்துவிட்டு வருவது போதாது. கமராவுக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருளை நிலைபொருள் என்பர். அதிற் குறைகள் கண்டறியப்படும்போது தயாரிப்பாளர் திருத்திய பதிப்பை வெளியிடுகிறாரா, எத்தனை ஆண்டுகளுக்கு வெளியிடுவார் என்பதே கடையில் முதலிற் கேட்கப்படவேண்டியது. பெட்டியில் தயாரிப்பாளரின் பெயரே இல்லாத கமராவுக்குத் திருத்தம் எங்கிருந்தும் வரப்போவதில்லை.

பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், இணையத்தோடு இணையும் வீட்டுச் சாதனங்களுக்கு எல்லோருக்கும் பொதுவான கடவுச்சொல்லை இட்டு விற்பதைத் தடுப்பதோடு, பாதுகாப்புத் திருத்தங்கள் எக்காலம்வரை கிடைக்கும் என்பதை அறிவிக்குமாறும் தயாரிப்பாளரைப் பணிக்கிறது. இந்தியாவும் 2025 ஏப்ரல் 9 முதல் கண்காணிப்புக் கமராக்களுக்குப் பாதுகாப்புப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. ஹட்டனில் வாங்குபவருக்கு இச்சட்டங்கள் நேரடி உரிமை எதையும் தருவதில்லை. எனினும் அந்நாடுகளிலும் விற்கப்படும் மாதிரியைத் தேர்ந்தால், அங்கே கட்டாயத்தின்பேரில் செய்யப்பட்ட திருத்தத்தின் பயன் இங்கும் பெரும்பாலும் வந்து சேரும்.

மே 29

2020ஆம் ஆண்டின் இதே நாளில், மஸ்கெலியா நல்லதண்ணிப் பகுதியின் லக்‌ஷபான தோட்டத்தில் சுருக்குக் கம்பியிற் சிக்கி மீட்கப்பட்ட கருஞ்சிறுத்தை, உடவளவையில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருக்கையில் இறந்தது. தேயிலை மலைகளும் அவற்றிடையே எஞ்சிய காட்டுத் துண்டுகளும் சிறுத்தைகளின் வாழிடம் என்பதை டிக்கோயாப் பகுதியின் டன்கெல்ட் தோட்டத்தை மையமாகக்கொண்டு நடைபெற்றுவரும் சிறுத்தை ஆய்வும் காட்டியுள்ளது. வீட்டு முற்றத்திலிருந்து நாயைக் கவ்விச் செல்லும் சிறுத்தையின் கமராக் காட்சிகள் மலையகச் செய்திகளில் அடிக்கடி இடம்பெறுவதால், இங்கே கமரா வாங்கும் பலருக்கு மனிதரைப்போலவே விலங்கும் கண்காணிப்புக்குரியது.

ஆய்வாளர் காட்டில் வைக்கும் கமராவும் வீட்டுக் கமராவும் ஒன்றல்ல. முன்னது உடல் வெப்பம் அசைவதை உணரும் உணரியைக் கொண்டு விழித்துப் படமெடுத்தபின் உறங்கிவிடும். பின்னது இடையறாது பார்த்துக்கொண்டிருந்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையிலான வேறுபாட்டை அசைவென்று கணிக்கும். சிறுத்தை வந்தால் எச்சரிக்கும் என்று நம்பி வாங்குவோர் இந்த வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும். மழைத்தாரையும் விட்டிற்பூச்சியும் வில்லையின் முன்னே ஊசலாடும் சிலந்தி வலையும் அக்கணக்கில் அசைவே என்பதால், பொய் எச்சரிக்கைகளாற் சலித்த குடும்பத்தார் ஒலியை நிறுத்திவிட்டு உறங்கும் இரவில்தான் உண்மையான எச்சரிக்கை பயனற்றுப்போகக்கூடும்.

ஜூலை 6

தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ் பகுதிகளை மூடியிருக்கும் இந்த மாதங்கள் மலிவுக் கமராவுக்குக் கடுஞ்சோதனை. இரவில் அது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைத் தானே வீசி, திரும்பிவரும் ஒளியைக்கொண்டு கறுப்பு வெள்ளைப் படத்தை அமைக்கிறது. பனிமூட்டத்தின் நுண்துளிகள் அவ்வொளியை வில்லைக்கே திருப்பியனுப்புவதால், தெளிந்த இரவில் முற்றம் முழுவதையும் காட்டிய கமரா மூடுபனியில் வெண்திரையை மட்டுமே காட்டும். இதற்கு விலையுயர்ந்த கமரா தீர்வாகாது. கமராவின் சொந்த அகச்சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு, அதிலிருந்து சில அடி விலகிய இடத்தில் ஒரு சாதாரண மின்குமிழை எரியவிட்டால், ஒளி பக்கத்திலிருந்து விழுவதால் படம் பெருமளவு தேறும். வெள்ளையடித்த சுவரையோ கூரைத் தகரத்தையோ ஒட்டிக் கமராவைப் பொருத்தினாலும் இதே வெளிறல் நேரும்.

காற்றில் மின்சாரம் அறுபடுவது இன்னொரு சிக்கல். மலிவான பல கமராக்களின் உள்ளே கடிகாரத்தை ஓடவைக்கும் மின்கலம் இல்லாமையால், மின்சாரம் மீண்டு இணையம் மீளாத இடைவேளையில் அவை 1970 ஜனவரி 1 என்ற தேதியோடு பதிவைத் தொடங்குவதுண்டு. இலங்கையின் 1995ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சாட்சியச் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் சமகாலப் பதிவுகளை நீதிமன்றத்தில் ஏற்க வழிசெய்திருந்தாலும், நேரமே தவறிய ஒரு காட்சி பொலிஸ் நிலையத்திலேயே கேள்விக்குள்ளாகும். ஆதலால் இரண்டாவது கமராவுக்குச் செலவிடும் பணத்தை ரவுட்டருக்கும் முதற் கமராவுக்குமான சிறிய யூபிஎஸ் ஒன்றில் இடுவதே விவேகம்.

தரவுக் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். நொடிக்கு ஒரு மெகாபிட் வீதம் இடையறாது இணையத்துக்கு அனுப்பும் கமரா ஒரு நாளில் ஏறத்தாழ 10.8 ஜிபியையும், 30 நாளில் 324 ஜிபியையும் தின்றுவிடும். தொலைபேசி நிறுவனத்தின் 4ஜி ரவுட்டரில் அளவிட்ட தரவை நம்பியிருக்கும் வீட்டுக்கு இது கட்டுபடியாகாது. கமராவுக்குள்ளேயே ஒரு நினைவக அட்டையைச் செருகி, வேண்டியபோது மட்டும் தொலைவிலிருந்து திறந்து பார்ப்பதே பொருத்தம். மேற்சொன்ன வீதத்தில் 64 ஜிபி அட்டை ஏறத்தாழ ஆறு நாளளவு பதிவைத் தாங்கிப் பழையதன்மேல் புதியதை எழுதும். ஓயாமல் எழுதப்படுவதால் சாதாரண அட்டை விரைவில் தேய்ந்துவிடும் என்பதால், நெடுநாள் எழுத்தைத் தாங்குவதற்கென்றே செய்யப்படும் அட்டையைக் கேட்டு வாங்கவேண்டும்.

ஒக்டோபர் 21

2016ஆம் ஆண்டின் இந்நாளில் அமெரிக்காவின் டைன் நிறுவனத்தின்மீது நடந்த தாக்குதலால் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பெருந்தளங்கள் பல மணி நேரம் எட்டாமற்போயின. இணையத்தில் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் பணியைச் செய்த அந்நிறுவனத்தைத் திணறடித்தவை பெரும்பாலும் வீட்டுக் கமராக்களும் அவற்றின் பதிவுப் பெட்டிகளுமே. மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இடப்பட்டு மாற்றப்படாதிருந்த அறுபதுக்கு மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாக முயன்று அவற்றுள் நுழைந்தது. மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் இயக்கினால் அது அழிந்துவிடும். ஆனால் கடவுச்சொல் மாறாதவரை சில நிமிடங்களில் மறுபடியும் புகுந்துவிடும். உரிமையாளரால் மாற்றவே இயலாதபடி சில சாதனங்களில் கடவுச்சொல் உள்ளே பதிக்கப்பட்டிருந்ததால், சீனாவின் சியோங்மாய் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற தன் பொருள்கள் சிலவற்றைத் திரும்பப் பெறவேண்டியதாயிற்று.

2019இல் வெளிப்பட்ட குறை இதைவிட நெருக்கமானது. கமராவின் அடியிலுள்ள கட்டக் குறியீட்டைத் தொலைபேசியாற் படம்பிடித்தவுடன் எங்கிருந்தும் பார்க்க முடிவது, ஒவ்வொரு கமராவுக்கும் ஓர் அடையாள எண் இருப்பதனாலாகும். ஐலிங்க்பிடூபி என்ற மென்பொருட் கூறில் அவ்வெண்கள் ஊகிக்கத்தக்கனவாக இருந்ததால், உலகெங்கும் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட சாதனங்கள் அந்நியர் எட்டக்கூடியனவாயிருந்தன. பெயர்பெற்ற நிறுவனங்களும் விலக்கல்ல: டிபி-லிங்க் நிறுவனத்தின் டாப்போ சி200 கமராவில் 1.1.15 வரையிலான நிலைபொருட் பதிப்புகள் கடவுச்சொல்லே இன்றி வெளியார் கட்டளையிடக்கூடிய குறையைக் கொண்டிருந்தன. இங்கே வேறுபாடு என்னவெனில், அடுத்த பதிப்பில் அது திருத்தப்பட்டது. திருத்தத்தைப் பதிவிறக்கிக்கொண்டவருக்கு மட்டுமே அது திருத்தம்.

மத்திய மலைநாட்டில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல் இடிமழை வழமையானது; நிலைபொருள் எழுதப்படும் சில நிமிடங்களில் மின்சாரம் அறுந்தால் கமரா மீளமுடியாமற் செயலிழக்கக்கூடும் என்பதால், வானம் தெளிந்திருக்கும் காலை வேளையிலேயே புதுப்பித்தலைச் செய்தல் நன்று. கொழும்பிலிருக்கும் மகளே தன் தொலைபேசிச் செயலியில் இதைச் செய்யலாம். அதற்குமுன் வீட்டில் மின்சாரம் சீராக உள்ளதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதே தேவை.

டிசம்பர் 11

லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பிணைந்த அறைகளின் தொடர். காம்பிராக்கள் எனப்படும் அவ்வறைகள் வெவ்வேறு குடும்பங்களுடையனவாயினும் இஸ்தோப்பு என்னும் முன்திண்ணையும் முற்றமும் பீலி என்னும் தண்ணீர்க் குழாயடிக்குச் செல்லும் பாதையும் எல்லோருக்கும் பொது. ஆகவே ஒரு வீட்டார் தம் வாசலுக்கு மாட்டும் கமரா பக்கத்து வீட்டுப் பெண்கள் குளித்துவிட்டு வரும் வழியையும், யார் யாருடைய வாசலில் எந்நேரத்தில் நின்றார் என்பதையும் சேர்த்தே பதிகிறது. மேற்சொன்ன குறைகளின் முழுக் கனமும் இங்கேதான் விளங்குகிறது: தனிவீட்டில் புதுப்பிக்கப்படாத கமரா அதன் உரிமையாளரைக் காட்டிக்கொடுக்கும், லயத்திலோ அதை வாங்காதவரையும் வேண்டாதவரையும் காட்டிக்கொடுக்கும்.

இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் ஒருவர் முற்றிலும் சொந்த, வீட்டுத் தேவைகளுக்காகக் கையாளும் தரவுகளைத் தன் வரம்புக்கு வெளியே விடுகிறது. வீட்டுத் தேவை எங்கே முடிகிறது என்ற வினாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 டிசம்பர் 11 அன்று செக் நாட்டின் ரினேஷ் வழக்கில் ஒரு விடை தந்தது: தன் வீட்டைக் காக்கவே பொருத்தப்பட்டதாயினும், பொதுத் தெருவையும் பதியும் கமராவை முற்றிலும் வீட்டுத் தேவைக்குரியதெனக் கொள்ள இயலாது. அத்தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்துவதன்று. ஆனால் அதன் நியாயம் இஸ்தோப்புக்கு அப்படியே பொருந்துகிறது. துரையும் கங்காணியும் தலைமுறை தலைமுறையாகக் கண்காணித்த குடியிருப்பில், குடியிருப்போர் தாமே பொருத்தும் முதற் கண் அயலாரின் ஒப்புதலோடு திறக்கப்படவேண்டும் என்று கேட்பது மிகையன்று.

செய்முறையில் இது கடினமுமன்று. வில்லையைத் தன் கதவையும் அதன்முன் சிறிது தரையையும் மட்டும் பார்க்குமாறு தாழ்த்தலாம். பல கமராக்களில் படத்தின் ஒரு பகுதியை நிரந்தரமாகக் கறுப்பாக்கும் மறைப்பு வசதி உண்டு. பீலிப் பக்கத்தை அதனால் மூடலாம். பேச்சைப் பதியும் ஒலிவாங்கியை அணைத்துவிடலாம். கடவுச்சொல் வீட்டுக்குள் இருவருக்கு மேல் தெரியவேண்டியதில்லை. அதைப் பொருத்தித் தந்த கடைப் பையனுக்குத் தெரிந்திருந்தால் அன்றே மாற்றவேண்டும். தயாரிப்பாளர் திருத்தங்களை நிறுத்திவிட்ட பழைய கமராவை உடனே எறியத் தேவையில்லை. நினைவக அட்டையில் மட்டும் பதியக்கூடியதாயின் வைஃபையைத் துண்டித்து அவ்வாறே ஓடவிடலாம். இன்னொருவருக்குக் கொடுப்பதாயின், அட்டையைக் கழற்றி எடுத்து, செயலியிலிருந்து கமராவை நீக்கி, மீட்டமைப்புப் பொத்தானை அழுத்தித் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே கொடுக்கவேண்டும்; இல்லையேல் கைமாறிய கமரா புதிய வீட்டைப் பழைய உரிமையாளரின் தொலைபேசிக்குக் காட்டிக்கொண்டிருக்கக்கூடும்.