மட்டக்களப்பு எங்கிருந்து தூரம்?

அன்பின் குமரன்,

சுகம் விசாரிக்க முன்னம் ஒரு முறைப்பாடு. யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்புக்கு ரயிலில் வருகிறவன் குருநாகல் மாவட்டத்து மாகோ வரைக்கும் தெற்கே இறங்கவேண்டும். அங்கே யாழ்தேவியை விட்டு உதயதேவிக்காகக் காத்திருந்து, பொலன்னறுவை வழியாகத் திரும்பக் கிழக்கே ஏறவேண்டும். படத்தை விரித்துப் பார்த்தால் சிரிப்பு வரும், பயணப்பையோடு சந்தி மேடையில் நிற்கிறவனுக்கு வராது. இவ்வளவும் சுற்றி வந்தால், அலுவலகக் கடிதங்களிலும் கொழும்புப் பத்திரிகைகளிலும் இந்த ஊருக்கு வைத்திருக்கும் பட்டம் ‘தூரப் பிரதேசம்’. இந்தக் கடிதம் முழுக்க அந்தப் பட்டத்தோடுதான் எனக்கு வழக்கு. தீவுக்கு மூலை என்று ஒன்று இல்லை, சுற்றிவரக் கரைதான். எந்தக் கரை வாசல், எந்தக் கரை கொல்லைப்புறம் என்பது தலைநகரை எங்கே வைத்தார்கள், தெருவை எங்கே போட்டார்கள் என்பதைப் பொறுத்த காரியம். மட்டக்களப்பு தூரத்தில் இருக்கவில்லை, தூரமாக்கப்பட்டது என்பது என் கட்சி.

நம்முடைய யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலை மனதில் வைத்துக்கொண்டு மட்டக்களப்பு வாவியைக் கற்பனை பண்ணாதே. இது வடக்குத் தெற்காக ஐம்பத்தாறு கிலோமீற்றர் அளவில் நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணற்கீற்று. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு என்று ஊர்கள் எல்லாம் அதன்மேல் இடைவெளி இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அது எழுவான்கரை, சூரியன் எழும் பக்கம். வாவிக்கு மேற்கே படுவான்கரை: வயல், குளம், காடு, மாடு, இடைக்கிடை கிராமம். குடியிருப்பு ஒரு கரையில், சோறு மறு கரையில். எழுவான்கரைப் போடியாருக்கு வயல் படுவான்கரையில் இருக்கும். தமிழருக்கும் அப்படித்தான், முஸ்லிம்களுக்கும் அப்படித்தான். விதைக்கவும் வெட்டவும் ஆள் அந்தப் பக்கம் போகும், நெல் இந்தப் பக்கம் வரும். குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் நடுவே மனிதரையும் மோட்டார் சைக்கிளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான மிதவைக்கு இங்கே பெயர் ‘பாதை’. பாதை போகிறது, பாதை வருகிறது என்கிறார்கள். கொழும்பிலிருந்து பார்ப்பவருக்கு வாவி ஒரு தடை, இவர்களுக்கு அதுதான் தெரு.

பழைய கணக்கைப் பார். 1602ஆம் ஆண்டு ஒல்லாந்தக் கப்பற்தலைவன் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் இலங்கைக்கு வந்தபோது நங்கூரம் போட்டது கொழும்பிலும் இல்லை, காலியிலும் இல்லை, மட்டக்களப்புக்கு வெளியே. கண்டி அரசன் விமலதர்மசூரியனைக் காண இங்கிருந்துதான் உள்நாட்டுக்குப் போனான். காரணம் எளிது. மேற்குக் கரை போர்த்துக்கேயர் கையில் இருந்தது, மலைநாட்டு இராச்சியத்துக்கு வெளியுலக வாசல் கிழக்கில்தான். மறுவருடம் வந்த ஒல்லாந்தன் செபால்ட் டி வேர்ட், பிடித்த போர்த்துக்கேயரை விட்டுவிட்டு அரசனுடைய கோபத்துக்கு ஆளாகி ஆட்களோடு கொல்லப்பட்டதும் இந்தப் பக்கத்தில்தான். கொல்லைப்புறமாக இருந்திருந்தால் போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்ட மினக்கெட்டிருப்பார்களா? கண்டியின் வாசலைச் சாத்துவதற்காகக் கட்டினார்கள். பத்து வருடத்தில், 1638 மே மாதம், இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தரும் சேர்ந்து அதைப் பிடித்தார்கள். அரசனும் ஒல்லாந்தரும் ஒப்பந்தம் எழுதியதும் இங்கேயே. அதன் வாசகத்தை வைத்து இரண்டு தரப்பும் பிறகு எவ்வளவு சண்டை பிடித்தன என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே. இலங்கைத் தீவின் அரசியல் திசை மாறிய ஒரு கட்டம் இந்தச் சின்னக் கோட்டையில் நடந்திருக்கிறது. ஆங்கிலேயர் காலத் தொடக்கத்திலும் கதை அவ்வளவு மாறவில்லை. 1814இல் மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட் வந்து பள்ளிக்கூடம் வைத்த ஊர் இது. இன்றைய மத்திய கல்லூரி தன் வயதை அங்கிருந்துதான் எண்ணுகிறது.

பிறகு என்ன நடந்தது? கோப்பி வந்தது, தேயிலை வந்தது. மலையிலிருந்து கொழும்புக்குத் தெரு போனது, 1867இல் கண்டிக்கு ரயில் போனது, 1885இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் கட்டி முடிந்தது. அதோடு தீவின் எல்லா வழிகளும் ஒரே திசைக்குத் திரும்பின. பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல்கள் கிழக்குக் கரையோரமாக ஓடி வியாபாரம் செய்த வழி தூர்ந்தது. மட்டக்களப்பு நெல் நம்முடைய ஊர்களுக்கு வந்த கடல்வழியின் இடத்தில் மாகோ வந்தது. 1920களில் இங்கே தண்டவாளம் வந்து சேர்ந்தபோது அது கொழும்பின் கிளையாக வந்ததே தவிர வடக்கோடு நேராகப் பேசவில்லை. அந்தத் தண்டவாளத்தில் ஏறி வருகிறவன் ‘எவ்வளவு தூரம்!’ என்று மூச்சு வாங்குகிறான். அளக்கிற கோலே கொழும்பில் அடிக்கப்பட்டது.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கிற இடம், பெரிய கப்பல் உள்ளே வரமுடியாது, திருகோணமலை எங்கே இது எங்கே என்பாய். உண்மை. பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு நிற்கிறது, அது காவல் காக்கும் வாய் வருடத்தில் பாதி நாள் மணல்திட்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் (நம்முடைய சோளகம்தான், இங்கே மலையைத் தாண்டிக் காய்ந்து சுட்டுக்கொண்டு வருகிறது) அலை மணலைக் கொண்டுவந்து போட்டு வாயைக் கட்டிவிடும். மாரியில் முந்தனையாறும் மற்ற ஆறுகளும் வெள்ளத்தை வாவிக்குள் கொட்ட, நீர்மட்டம் ஏறும். அப்போது மணலை வெட்டி வாயைத் திறக்கவேண்டும். எப்போது வெட்டுவது என்பது ஒவ்வொரு மாரிக்கும் ஒரு வழக்கு. வயல் மூழ்குகிறது, இன்றைக்கே வெட்டு என்று வேளாண்மைக்காரர். அவசரப்பட்டு வெட்டினால் வளராத இறாலும் மீனும் கடலோடு போய்விடும், பொறு என்று மீன்பிடிக்காரர். மாவட்டச் செயலகம் நடுவில். பெக்கோ வந்து மணலில் ஓர் ஒடுங்கிய வாய்க்கால் கீறும். அதன் பிறகு மனிதருக்கு வேலை இல்லை, வெள்ளமே இரண்டு பக்கமும் கரையை அரித்துத் தன் வழியைப் பெருப்பித்துக்கொள்ளும். ‘பாடும் மீன் கேட்டாயா?’ என்று எல்லாரும் கேட்கிறார்கள், பூரணைக்குக் கல்லடிப் பாலத்தடிக்குப் போகச் சொல்கிறார்கள். எனக்கென்றால் இந்த வாய் வெட்டும் வழக்கைப் பற்றி யாராவது பாடியிருக்கலாம் என்று படுகிறது. இந்த மணல்திட்டால் இது ஒருபோதும் பெருந்துறைமுகம் ஆகியிருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1602இலும் இதே மணல்திட்டு இருந்தது. கப்பல் வெளியே நின்றது, தோணி உள்ளே வந்தது, கண்டி வரை தொடர்பு ஓடியது. மணல் மாறவில்லை, தேவைதான் மாறியது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. வாவி தெரு, வாவி உறவு என்று அழகாகச் சொல்கிறாயே, யுத்தகாலத்தில் அது என்னவாக இருந்தது என்று கேட்கலாம். எல்லைக்கோடாக இருந்தது. படுவான்கரை புலிகளிடம், எழுவான்கரை இராணுவத்திடம் என்று வருடக்கணக்கில் ஓடியது. 1987 ஜனவரியில் மகிழடித்தீவு இறால் பண்ணையில் கொல்லப்பட்டவர்களையும், 1990 ஓகஸ்ட் 3ஆம் தேதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தபோது கொல்லப்பட்ட நூற்றுக்கு மேற்பட்டோரையும் விட்டுவிட்டு இந்தக் கரைகளின் வரலாற்றை எழுத எவருக்கும் உரிமை இல்லை. தண்ணீர் யாரையும் நல்லவராக்காது. பாலம் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. 2014இல் மண்முனையில் ஜப்பான் உதவியோடு பாலம் திறக்கும்வரை, இரவில் பிரசவ வலி கண்ட படுவான்கரைப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரி மறுகரை வெளிச்சமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கவனி, அந்தப் பாலம் இவ்வளவு காலம் வராததற்குக் காரணம் வாவி அகலம் என்பதா? கட்டினது வெறும் 210 மீற்றர்.

இந்தத் ‘தூரத்தில்’ நம்முடைய ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று பயமுறுத்துவதை நிறுத்தவேண்டும். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. இங்கே வீடும் வளவும் பெண்ணுக்கு எழுதப்படும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். தாய்வழியாக எண்ணும் குடிமுறை கோயிலிலும் உண்டு, முஸ்லிம்களின் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் உண்டு. கலியாணம் கட்டி இங்கே தங்கிவிட்ட யாழ்ப்பாணத்து உத்தியோகத்தனுக்குத் திரும்பி வராததற்குச் சாட்டு வேண்டியிருந்தது, பழி பாய்க்குப் போனது. சொத்து முறையை மந்திரம் என்று பெயர் வைத்துத் தள்ளிவைக்கிற நாம், கொழும்பு நம்மைத் தள்ளிவைக்கிறது என்று எந்த முகத்தோடு குறைப்படுவது?

எருமைத்தயிர் கேட்டிருந்தாய். சட்டி சட்டியாகத் தெருவோரம் அடுக்கி விற்கிறார்கள், கவிழ்த்தாலும் விழாத கட்டித் தயிர். ஆனால் மாகோவில் வண்டி மாறி வடக்கே ஏறுவதற்குள் அது புளித்து, சட்டி உடைந்து, என் சட்டையும் கெட்டுவிடும். ஆகையால் கொண்டுவரவில்லை. தின்ன விருப்பமென்றால் நீ புறப்பட்டு வா.

அன்புடன்,
உன் நண்பன்