புஸ்வாணப் பரீட்சை

சினிமா சிடி ஒன்று தேறுமா தேறாதா என்று பார்க்க ஏழாயிரம்பண்ணையில் நாங்கள் கதாநாயகி முகத்தைப் பார்ப்பதில்லை. படத்தில் எங்கேயாவது தீபாவளி வருகிறதா, கோயில் திருவிழாவில் வாணம் விடுகிறார்களா என்று தேடி, ரிமோட்டை அந்த இடத்துக்கு ஓட்டுவோம். வண்டவாளம் அங்கே வெளியே வந்துவிடும். பட்டாசு செய்து பிழைக்கிறவர்களின் கர்வம் என்று வெளியூர்ச் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். கர்வம் கொஞ்சம் உண்டுதான். ஆனால் பரீட்சையில் சரக்கும் உண்டு.

விசிடி 1993இல் வகுத்த முறை. பாட்டு சிடி ஒன்றில் 74 நிமிடப் படத்தை அடைக்க வேண்டும். ஒவ்வொரு சட்டகத்தையும் முழுசாக எழுதி வைக்க அதில் இடம் ஏது? அதனால் முந்தின சட்டகத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் பெரும்பாலும் குறித்துக்கொள்கிறது. இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்து பேசினால் உதடும் கையும்தான் அசையும். சுவர் சும்மா இருக்கும். குறிப்பு கொஞ்சம் போதும். புஸ்வாணம் பொங்கினால் கதை வேறு. இந்தச் சட்டகத்தில் இருக்கிற பொறி அடுத்ததில் இல்லை. ஆயிரம் பொறியும் ஆயிரம் புது இடத்தில் நிற்கும். விசிடிக்கோ நொடிக்கு 1.15 மெகாபிட் என்று படி அளந்துவிட்டார்கள். திண்ணைப் பேச்சுக்கும் அதே படி, வாணவேடிக்கைக்கும் அதே படி. பற்றாக்குறை வந்ததும் படம் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக உடைந்து, பொறி இருந்த இடத்தில் மொசைக் தரை விரிந்துவிடும்.

நிறமும் அப்படித்தான். விசிடியில் படம் 352க்கு 288 புள்ளி என்றால் நிறத்துக்கு அதில் பாதிக்குப் பாதிதான்: 176க்கு 144. வெளிச்சம் ஓரளவு கூர்மையாக இருக்க, நிறம் மட்டும் கோட்டைத் தாண்டி வழியும். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்கு பேரியம் என்று உப்புப் பெயர் சொல்லி நிறம் பேசுகிற ஊரில் இது கண்ணில் படாமல் போகுமா? “சிவப்பு ஒழுகுதே அண்ணாச்சி” என்று கடையிலேயே சிடியைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

டிவிடி வந்தபோது படியளப்பது நின்றது. காட்சிக்குத் தக்கபடி கூட்டியும் குறைத்தும் எடுத்துக்கொள்ளலாம். தேவைப்பட்டால் நொடிக்கு 9.8 மெகாபிட் வரை போகலாம். பேச்சுக் காட்சியில் மிச்சம் பிடித்ததை வாணத்தில் செலவழிக்கும். புள்ளியும் 720க்கு 576 ஆனது. அப்படியிருந்தும் விசிடியை எங்கள் ஊர் பல வருஷம் விடவில்லை. அறியாமை என்று யாராவது எழுதினால் நான் சண்டைக்கு வருவேன்.

வீட்டில் இருந்த டிவி எது? 2006 தேர்தலில் வாக்குறுதி தந்து தி.மு.க. அரசு கொடுத்த 14 அங்குலக் கலர் பெட்டி. அதன் படத்தின் உயரம் எட்டு அங்குலம் சொச்சம். நல்ல கண் பிரித்துப் பார்க்கக்கூடியது ஒரு டிகிரியில் 60இல் ஒரு பங்கு. எட்டு அங்குலத்தில் 288 வரியை அடுக்கி எட்டடி தள்ளி உட்கார்ந்தால், ஒரு வரி ஏறக்குறைய அந்த ஒரு பங்குதான் வரும். அதற்கு மேல் டிவிடி எத்தனை வரி கொடுத்தாலும் பின்வரிசையில் இருக்கிறவருக்கு லாபம் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து, பெரியவர்கள் வாசற்படியில் இருந்து பார்க்கிற வீட்டில் எட்டடி என்பது குறைச்சல். கட்டம் உடைவது மட்டும் அங்கேயும் தெரியும். ஒரு புள்ளியைவிட அது பெரிது அல்லவா. புஸ்வாணப் பரீட்சை சின்னப் பெட்டியிலும் செல்லுபடியானது அதனால்தான்.

இன்னொன்று, இங்கே பல வீடுகளில் படம் பார்ப்பது கையில் வேலையோடு. தீப்பெட்டி ஒட்டிக்கொண்டோ, பட்டாசுக்குக் காகிதக் குழல் சுருட்டிக்கொண்டோ இருக்கிறவர் நிமிர்வது சண்டைக்கும் பாட்டுக்கும்தான். மற்ற நேரம் காதில் ஓடுகிறது படம். 1984இல் வந்த ‘விதி’யின் வசனக் கேசட்டைக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்ட தலைமுறைக்கு இது புதிசும் இல்லை. விசிடியின் ஸ்டீரியோ ஒலி அவர்களுக்குத் தாராளம். டிவிடி உறையில் டால்பி 5.1 என்று போட்டிருந்தால், ஆறு ஸ்பீக்கருக்கு எங்கே போவது?

மின்வெட்டும் இதில் சேர்த்தி. 2012 வாக்கில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நாளில் பாதி கரண்டு இல்லை. பாதிப் படத்தில் போய்விட்டு வந்தால் பிளேயருக்கு விட்ட இடம் ஞாபகம் இருக்காது. விசிடி இரண்டு மூன்று தட்டாகப் பிரிந்திருப்பதால் தேட வேண்டிய தூரம் குறைவு. இந்தப் பிரிவினையில் ஒரு வில்லங்கமும் இருந்தது. இரண்டு தட்டு சேர்ந்தால் 148 நிமிடம். நம் படங்களோ இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்தால் ரசிகர் கோபித்துக்கொள்வார். மூன்றாவது தட்டுக்குச் செலவழிக்க மனமில்லாதவர்கள் ஒரு பாட்டைக் கழற்றிவிடுவார்கள். தியேட்டரில் பார்த்தவர் மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய திருட்டு அது.

திருட்டு என்றதும் பெரிய திருட்டைச் சொல்லியாக வேண்டும். புதுப்படத்தை முறைப்படி சிடியில் வாங்க அப்போது வழியே இல்லை. தியேட்டர், பிறகு டிவி உரிமை, அதோடு சரி. நடுவில் இருந்த பள்ளத்தை நிரப்பியது சென்னை பர்மா பஜாரின் திருட்டு சிடி. 2004இல் வீடியோ திருடர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகும் பள்ளம் தூரவில்லை. 2007இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று பழைய படங்களை இறக்கியபோதுதான் ‘ஒரிஜினல்’ என்பது எங்கள் கைக்கு எட்டியது. 6 ரூபாய் வித்தியாசத்தில் டிவிடி! வீட்டில் டிவிடி பிளேயர் இருந்தவர்களுக்கு அன்றே விவாதம் முடிந்தது. புதுப்படத்தை நேராக வீட்டுக்குக் கொடுக்க இயக்குநர் சேரன் ‘சி2எச்’ தொடங்கி, 2015 மார்ச்சில் ‘ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை’யை டிவிடியாக வெளியிட்டார். நல்ல யோசனை, காலம்தான் பிந்திவிட்டது. அதற்குள் படம் பென் டிரைவுக்குக் குடிபோயிருந்தது. மோசர் பேயரும் 2018இல் கலைப்புக்குப் போனது.

ஒரிஜினலையும் நகலையும் பிரித்தறிவதில் எங்கள் பக்கத்து ஆட்களை யாரும் ஏமாற்ற முடியாது. சிவகாசி அச்சகங்களில் காலண்டரும் லேபிளும் அடித்துப் பழகிய கண் முதலில் உறையைப் பார்க்கும். நான்கு வண்ணத்தில் ஒன்று மயிரிழை விலகி, ரஜினியின் உதட்டுக்கு வெளியே சிவப்பு நின்றால் உறையை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். பிறகு தட்டைக் கவிழ்த்துப் பார்ப்பது. ஆலையில் அச்சில் அழுத்தி எடுத்தது வெள்ளியாக மின்னும். கம்ப்யூட்டரில் எரித்த டிவிடி ஊதா அடிக்கும். அந்த வெள்ளி மினுமினுப்பு அலுமினியம். எங்கள் ஊரில் மத்தாப்புக்கும் சாட்டைக்கும் வெண்பொறி கொடுக்கிற அதே உலோகம். மருந்துக் கலவை அறையில் வேலை செய்கிறவர் எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் சாம்பலாக ஒட்டியிருக்கும். வாடகைக்கு எடுத்த தட்டு சில நாள் அந்தச் சாம்பல் ரேகையோடு கடைக்குத் திரும்பும். கடைக்கார அண்ணாச்சி பனியன் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைப்பார். வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் அது தடத்தோடு சேர்ந்தே ஓடும். தொடர்ந்து பல விவரங்கள் அழியும், பிளேயர் திக்கிப்போகும். குறுக்கே விழுந்த கீறலை எளிதில் தாண்டிவிடும்.

ஐந்து படம் ஒரே டிவிடியில் என்று விற்றதே, அது ஒரு தனி மோசடி. கணக்குப் போட்டால் போதும். 4.7 ஜிபி தட்டில் இரண்டரை மணி நேரப் படம் ஒன்று இருந்தால் நொடிக்கு 4 மெகாபிட்டுக்கு மேல் கிடைக்கும். ஐந்தைத் திணித்தால் ஒலியையும் சேர்த்து 0.84தான். விசிடியின் படத்துக்கு மட்டும் அளந்த படியைவிடக் குறைவு! பெயர் டிவிடி, உள்ளே விசிடியைவிடக் கேவலம். இதைச் சொன்னால் “அஞ்சு படம்ல, ஒரு படம் நல்லா இருக்காதா” என்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

என் தங்கை மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். போன மாதம் வீட்டுக்கு 43 அங்குல டிவி வாங்கிப் போட்டுவிட்டு, “மாமா, புளூரே வாங்கலாமா, 4கேவா, இல்ல பழைய டிவிடியே போதுமா?” என்று கேட்டான். அதே கண் கணக்கைத்தான் அவனுக்கும் போட்டுக் காட்டினேன். 43 அங்குல டிவியின் உயரம் 21 அங்குலம். எட்டடியில் உட்கார்ந்தால் டிவிடியின் 576 வரி கண்ணின் எல்லையை எட்டாது, சொரசொரப்பு தெரியும். புளூரேயின் 1080 வரி எல்லையைத் தாண்டிவிடும். 4கேயின் 2160 வரியைப் பார்க்க நாற்காலியை இழுத்துப் போட்டு டிவி மேல் மூக்கை இடிக்க வேண்டும். 4கே தட்டில் உண்மையான ஆதாயம் வரியில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. இருட்டு வானத்தையும் அதில் வெடிக்கிற வெள்ளையையும் ஒரே நேரத்தில் விடாமல் காட்ட அதில் 10 பிட் உண்டு, மற்றவற்றில் 8. ஆனால் அந்த வெளிச்சத்தைக் கக்க டிவிக்குத் தெம்பு வேண்டும். அவன் வாங்கிய விலைக்கு அந்தத் தெம்பு வராது.

“நெட்ல 4கேயே வருதே மாமா?” வரும். நெட்ஃபிளிக்ஸ் 4கேக்குக் கேட்கிற இணைய வேகம் 15 மெகாபிட், எச்டிக்கு 5. புளூரே தட்டு படத்துக்கு மட்டும் 40 வரை கொடுக்கும். திண்ணைப் பேச்சில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மழையைக் கொட்டவிடு, பூவைத் தூவு, வாணத்தை ஏற்று. அங்கே தட்டு நிற்கும், நெட் கலங்கும். பழைய பரீட்சைக்கு இன்னும் வயசாகவில்லை.

தட்டு எவ்வளவு பெரிசாக இருந்தாலும் உள்ளே போகிற பிரதி தேய்ந்ததாக இருந்தால் என்ன செய்ய? தமிழில் இதுதான் பாதிப் பிரச்சினை. பல டிவிடிகளில் மூலையில் கம்பெனி முத்திரை, அகலப் படத்தை அமுக்கி எல்லாரையும் ஒல்லியாக்கிய கொடுமை, பாட்டில் வெட்டு. ‘கர்ணன்’ 1964இல் வந்த படம். கறை நீக்கி, ஒலியைச் சரிசெய்து 2012 மார்ச்சில் திரும்பத் திரையிட்டபோதுதான் தேர் எத்தனை அலங்காரத்தோடு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. இப்படிச் சுத்தம் செய்த படத்துக்குப் புளூரே வாங்கலாம். தேய்ந்த பிரதியைப் புளூரேயில் போட்டால் கீறலைத்தான் துல்லியமாகப் பார்க்க வேண்டிவரும்.

வெளிநாட்டுத் தட்டில் இன்னொரு முள் உண்டு. சத்யஜித் ராயின் அபு படங்களின் மூலநெகட்டிவ் 1993இல் லண்டன் ஆய்வுக்கூடத் தீயில் கருகிவிட்டது. கருகியதில் மிஞ்சிய சட்டகங்களை மீட்டு 2015இல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் அருமையான புளூரேயாகக் கொண்டுவந்தது. நெருப்போடு வாழ்கிற ஊர்க்காரனாக அதை வாங்கிவிட எனக்கு ஆசை. ஆனால் அமெரிக்கத் தட்டு ‘ஏ’ மண்டலம், இந்திய பிளேயர் ‘சி’ மண்டலம். வங்காளப் படத்தை இந்தியப் பெட்டி திறக்க மாட்டேன் என்கிறது! 4கே தட்டுக்கு மட்டும் இந்த மண்டலப் பூட்டு கிடையாது. அதற்காக ஒரு கும்பிடு.

பிளேயரே அருகிவருகிறது. சாம்சங் 2019இல் புதுப் புளூரே பிளேயர் கொண்டுவருவதை விட்டுவிட்டது. எல்ஜியும் 2024இல் கையை விரித்தது. அதனால் மருமகனிடம், யாராவது விளையாடி அலுத்த பிளேஸ்டேஷன் 4 கிடைத்தால் வாங்கிக்கொள் என்றேன். புளூரேயும் டிவிடியும் அதில் ஓடும். சிடியை மட்டும் அது சீந்தாது.

“அப்போ ஊர்ல டிரங்குப் பெட்டியில கிடக்கிற விசிடியெல்லாம்?” என்றான். சினிமாவை விடு மாப்ள, அது இன்னொருத்தர் வீட்டில் கிடைக்கும் என்றேன். உங்கள் அக்கா கல்யாணத்தை ஸ்டுடியோக்காரர் மூன்று தட்டில் எரித்துக் கொடுத்தாரே, அது உலகத்தில் அந்த ஒரு பிரதிதான். எங்கள் ஊரின் வறண்ட காற்று தட்டுக்கு நல்லது. ஈரம் இல்லாததால் உலோகப் பூச்சு சீக்கிரம் கெடாது. ஆனால் எரித்த தட்டில் எழுத்து இருப்பது சாயத்தில், சாயத்துக்கு வெயில் ஆகாது. தகரக் கூரைக்குக் கீழே இத்தனை சித்திரை கடந்ததே பெரிது. வழி சுலபம்: தட்டைக் கம்ப்யூட்டரில் போட்டு எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரைத் திறந்தால் டிஏடி என்று முடிகிற பெரிய ஃபைல் இருக்கும். அப்படியே நகல் எடுத்தால் போதும், விஎல்சியில் ஓடும். அவன் லேப்டாப்பில் சிடி போடுகிற வாயே இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பொங்கலுக்கு வரும்போது யூஎஸ்பி டிரைவ் ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.